ஸ்டெப்னிக்கு மட்டும்

காலுல இடிச்சிருச்சுங்களா அண்ணா? கொஞ்சம் பொறுங்க, இந்தப் பக்கம் இழுத்துக்கறேன். சாக்குக்குள்ள இருக்கறது வண்டி வீலுங்க. அலாய் வீல்னு சொல்லுவாங்களே, அது. டயர் இல்லாம வெறும் வீல் மட்டும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு, "பின்னாடி போட்டுருங்க தம்பி"ன்னார். நான்தான் மாட்டேன்னுட்டேன். மலை ஏற ஏற பஸ் ரெண்டு பக்கமும் சாயும். இது உருண்டு எங்கேயாவது மோதுச்சுன்னா அப்புறம் எனக்கு நம்பிக்கை வராது. திரும்பக் கொண்டுபோய் முதல்ல இருந்து டெஸ்ட் பண்ணணும்.

மூணு தடவை பண்ணிட்டேன். ஃபைல்ல ரிப்போர்ட் இருக்கு. பார்க்கறீங்களா? வேண்டாமா, சரி.

பேரு பிரசன்னகுமார். கோயமுத்தூர்ல ஒரு ஃபவுண்டரில குவாலிட்டில இருக்கேன். உலோகத்தை உருக்கி வார்க்கற இடம். வார்த்து வர்ற ஒவ்வொரு பீஸையும் பார்த்து, இது போகலாம், இது போகக் கூடாதுன்னு பிரிக்கறது என் வேலை. அப்பா சோமனூர்ல தறி ஓட்டறார். எங்க சொந்தத்துல ரெண்டு பக்கத்துலயும் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அதனால எப்பவும் ஒரு பயம் உண்டுங்க. ஒரு தப்புப் பண்ணிட்டா, இவனுக்கெல்லாம் எதுக்குப் படிப்புன்னு சொல்லிருவாங்களோன்னு. அந்தப் பயத்துலயே எதையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்ப்பேன். பொய் சொல்ல மாட்டேன். என்னைத் தெரிஞ்ச யாரை வேணும்னாலும் கேளுங்க.

நீங்க வால்பாறை வரைக்குமா? நான் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ரேஷன்கடைப் பிரிவுல இறங்கணும். அங்க தேவசகாயம்னு ஒரு சார், அவருக்குத்தான் இந்த வீல். தேயிலை எஸ்டேட்ல முப்பத்தி நாலு வருஷம் ஃபீல்டு ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த எஸ்டேட்ல மேனேஜரை இன்னைக்கும் துரைன்னுதான் சொல்றாங்க. துரைக்கு ஒரு ஃபோர் பை ஃபோர் வண்டி இருந்துச்சு. இருபது வருஷத்துக்கு முந்தின மாடல். சேறு, மேடு, எல்லாம் ஏறும். சார் அந்த வண்டி வர்றப்பல்லாம் ரோட்டோரமா ஒதுங்கி நின்னு வழிவிட்டவர். அதைக் கழிச்சுக் கட்டி ஏலம் விட்டாங்க. இவரே எடுத்துட்டார்.

ஆனா ஏலத்துக்கு வர்றதுக்குள்ள யாரோ அலாய் வீல் அஞ்சையும் கழட்டிட்டு, சாதா இரும்பு வீலை மாட்டி விட்டுட்டாங்க. ஓட்டறதுக்கு அதுல ஒரு குறையும் இல்லீங்க. உண்மையைச் சொன்னா மலைக்கு இரும்பு வீல்தான் நல்லது. குழியில இறங்கினா நெளியும், உடையாது. தட்டி நிமித்திக்கலாம். சார்கிட்ட நான் முதல் நாளே அதைச் சொன்னேன். இதையும் நீங்க மனசுல வச்சுக்கணும். முதல் நாளே சொன்னேன்.

"நீங்க சொல்றது சரிதான் தம்பி"ன்னார். "ஆனா இரும்பு வீல் போட்டா அது லோடு வண்டியா தெரியுது. துரை வண்டி மாதிரி இல்லையே."

எனக்கு சனி ஞாயிறுல இந்த வேலை உண்டு. ஒரு ஃப்ரெண்டோட ஷெட்டுல பழைய அலாய் வீலைச் சுரண்டி, நிமித்தி, பெயிண்ட் பண்ணிக் கொடுப்பேன். சார் என்னைத் தேடிக்கிட்டு பொள்ளாச்சி வழியா பஸ் மாறி வந்தார். தம்பி எட்வினையும் கூட்டிட்டு வந்தார். எட்வின் எஸ்டேட்ல டிராக்டர் ஓட்டறவர். ஷெட்டுக்குள்ள வந்ததும் சார் கையைக் கூப்பி, "வணக்கம் இன்ஜினியர் தம்பி"ன்னார். ஃபவுண்டரில என்னை, "ஏய் குவாலிட்டி, இங்க வா"ம்பாங்க. வீட்டுல என் வேலை என்னன்னே தெரியாது. இவர்தான் முதல் ஆள், என்னை இன்ஜினியர்னு கூப்பிட்டது. அதுவும் கையெடுத்து.

அதைக் காப்பாத்தணும்னு தோணுச்சு. தோணக் கூடாதுங்களா?

கம்பெனி வீலே வேணும்னார். கடையில புதுசு புதுசா எத்தனையோ டிசைன் இருக்கு. அதெல்லாம் வேண்டாம், வண்டி ஃபேக்டரியில இருந்து வந்தப்ப எது இருந்துச்சோ அதே. ஆறு கம்பி, நடுவுல கொஞ்சம் உள்வாங்கின மாதிரி. அந்த டிசைன் ரெண்டே வருஷம்தான் வந்துச்சு. டூப்ளிகேட் நிறைய உண்டு. முன்னால பார்த்தா அச்சு அசல். திருப்பிப் பின்பக்கம் பார்க்கணும், கம்பிக்குப் பின்னாடி வார்ப்புலயே நம்பர் எழும்பியிருக்கும். டூப்ளிகேட்ல அது இருக்காது. நட்டு ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இருக்கற தூரம் பார்க்கணும். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் உட்காராது. உட்கார்ந்த மாதிரி இருக்கும், உட்கார்ந்திருக்காது.

உக்கடத்துல பழைய சாமான் கடையில ரெண்டு கிடைச்சுது. சேலத்துல ஒண்ணு. பாலக்காட்டுல ஒண்ணு, அதை ஒருத்தர் வாழைத்தாருக்கு முட்டுக் கொடுத்து வச்சிருந்தார். நாலு ஆச்சு. அஞ்சாவது கிடைக்கலை. ரெண்டு மாசம் அலைஞ்சேன். அது இல்லாம நாலு மட்டும் போடலாமேன்னு கேட்டதுக்கு சார் ஒத்துக்கலை. அந்த வண்டிக்கு ஸ்டெப்னி பின்கதவுல வெளிய தொங்கும். பஞ்சர் ஆனா மாட்டறதுக்குன்னு வச்சிருக்கற வீல், எல்லாருக்கும் தெரியற மாதிரி பின்னாடி. "பின்னாடி வர்றவன் முதல்ல பார்க்கறதே அதைத்தானே தம்பி"ன்னார். கடைசில திண்டுக்கல்ல உடைச்ச வண்டி வாங்கறவர்கிட்ட ஒண்ணு கிடைச்சுது. கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல கிடந்துச்சு.

கலர்ல ஒரு சண்டை வந்துச்சு. எட்வின் கறுப்பு அடிக்கச் சொன்னார். "அண்ணே, கறுப்பு அடிச்சா கெத்தா இருக்கும்." சார், "உனக்கு டிராக்டருக்கு அடிச்சுக்கோடா"ன்னார். நான் பழைய பெயிண்டைச் சுரண்டி, அடியில இருந்த அசல் நிறத்தைக் கண்டுபிடிச்சுக் காட்டினேன். வெள்ளி மாதிரி, ஆனா வெய்யில்ல பார்த்தா லேசா மஞ்சள் ஓடும். சார் குனிஞ்சு அதையே பார்த்தார். "இதான். இந்தக் கலர்தான். மழையில துரை இறங்கும்போது நான் கீழ பார்த்துக்கிட்டு நிப்பேன். இந்தக் கலர்தான் தெரியும்"னார்.

பெயிண்டுக்கு முன்னாடி விரிசல் இருக்கான்னு பார்க்கறது என் பழக்கம். வேற யாரும் பார்க்க மாட்டாங்க. ஃபவுண்டரில பண்ற மாதிரியே பண்ணுவேன். முதல்ல ஒரு சிவப்பு மருந்தை அடிச்சு ஊறவிட்டுத் துடைச்சிரணும். மேல வெள்ளைப் பவுடர் அடிக்கணும். விரிசல் இருந்தா, உள்ள போய் ஒளிஞ்சிருக்கற சிவப்பு மெல்ல மெல்ல வெளிய வரும். நாலு வீல் சுத்தமா இருந்துச்சு. அஞ்சாவதுல, பின்பக்கம், கம்பி போய் வளையத்தைத் தொடற இடத்துல, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு வந்துச்சு. வர்றதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

உடனே சாருக்குப் போன் பண்ணேன். சொல்லிரலாம்னுதான் பண்ணேன். அவர் எடுத்ததும், "இன்ஜினியர் தம்பி, அஞ்சும் கிடைச்சிருச்சா? எட்வினு தினம் கேட்டு உயிரை வாங்கறான்"னார்.

"கிடைச்சிருச்சு சார்"னேன்.

அது பொய் இல்லைங்களே. கிடைச்சுதானே இருந்துச்சு.

அலுமினியம் வெல்டிங்குக்கு கணபதி ஏரியாவுல மன்சூர் பாய்னு ஒருத்தர். நல்ல கை. விரிசலை நோண்டி எடுத்துட்டு வெல்டிங் வச்சுக் கொடுத்தார். கொடுக்கறப்ப கையை விடலை. வீலை நானும் அவரும் பிடிச்சுக்கிட்டே நிக்கறோம். "தம்பி, இது மாவுக்கட்டுப் போட்ட கால். நிக்கும், ஓடாது. ஸ்டெப்னிக்கு மட்டும் வச்சுக்கோ. அதுவும் பஞ்சர் கடை வரைக்கும்தான், மெதுவா. புரிஞ்சுதா?"

"நான் மெட்டலர்ஜி படிச்சிருக்கேன் பாய்"னேன்.

"அப்பச் சரி"ன்னு கையை விட்டார்.

வெல்டிங்குக்கு அப்புறம் திரும்ப சிவப்பு மருந்து அடிச்சியான்னு நீங்க கேட்கலை. கேட்டாலும் சொல்லிருவேன். அடிக்கலைங்க. ஃபவுண்டரியா இருந்தா அடிச்சிருப்பேன். இது ஸ்டெப்னிதானேன்னு விட்டுட்டேன். அது மட்டும் இல்லை. அடிச்சா என்ன வரும்னு எனக்குத் தெரியும்.

வெல்டிங் தழும்பு தெரியாம இருக்கறதுக்கு அதை மட்டும் கூட நேரம் தேய்ச்சேன். மட்டம் பண்ண ஒரு பூச்சு, அது மேல பவுடரா இருக்கற பெயிண்டைத் தூவி, சூளையில சுட்டு, திரும்ப ஒரு கோட். மத்த நாலுக்கும் ஒரு கோட்தான். அதனால அஞ்சுலயும் அதுதான் ரொம்ப அழகா அமைஞ்சு போச்சு. முகம் பார்க்கலாம் அதுல.

தை மாசம் கொண்டுவந்து கொடுத்தேன். இதே ரோட்டுலதான், ஒரு டெம்போவுல. நாலையும் மாட்டினோம். அஞ்சாவதைப் பின்கதவுல மாட்டறப்ப சொன்னேன். நான் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கு. "சார், இது ஸ்டெப்னிக்கு. இதை ஸ்டெப்னியாவே வச்சுக்கங்க." இதான் சொன்னேன். 'ஸ்டெப்னியாவே'ன்னு ஏகாரம் போட்டுச் சொன்னேன். எங்க தொழில்ல அப்படிச் சொன்னா எல்லாருக்கும் புரியும்ங்க. மன்சூர் பாய் சொன்னா எனக்குப் புரிஞ்சுதே.

சார் அதைத் தடவிப் பார்த்தார். "எடுத்து வச்சுக்கச் சொல்றீங்க. புரியுது தம்பி, புரியுது"ன்னார். பக்கத்துல எட்வின் குனிஞ்சு பார்த்துட்டு, "என்ன இன்ஜினியர், இதுக்கு மட்டும் இவ்வளவு பவுடர்? கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. மூஞ்சியில ஏதாச்சும் தழும்பா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எட்வின் வீட்டுக்காரங்க பிரிஸ்கா அக்கா டீ கொண்டுவந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேன்.

இருங்க அண்ணா. ஒரு நிமிஷம் பேச வேண்டாம். இருபத்தெட்டாவது வளைவு வருது. போர்டு தெரியுதா, அந்தப் பக்கம், சுவர் புதுசா கட்டியிருக்காங்க பாருங்க. சிமெண்ட் நிறம் மாறியிருக்கு.

தாண்டிருச்சு.

மே மாசம். எட்வின் பொண்ணு ஜோஸ்லினுக்குப் புதுநன்மை. சர்ச்சுல முதல் தடவை நன்மை வாங்கறது, குழந்தைகளுக்கு அது பெரிய நாள். பிரிஸ்கா அக்காவோட அம்மா வீட்டு ஆளுங்களைப் பொள்ளாச்சியில இருந்து கூட்டிட்டு வரணும். முதல் தடவையா அந்த வண்டி ஒரு விசேஷத்துக்குப் போகுது. முந்தின நாளே கழுவித் துடைச்சிருக்காங்க. துடைக்கறப்ப சார் பின்னாடி தொங்கற வீலைப் பார்த்திருக்கார். முன்பக்க வீல் நாலு மாசம் ஓடி, கல்லடி பட்டு, கொஞ்சம் மங்கியிருக்கு. பின்னாடி ஒண்ணு புத்தம் புதுசா சும்மா தொங்குது.

நல்ல பாத்திரத்தை எடுத்து வச்சிருந்து விருந்தாளி வர்றப்ப இறக்குவோம் பாருங்க, எங்க வீட்டுலயும் அப்படித்தான். நல்ல போர்வை, நல்ல டம்ளர், எல்லாம் எடுத்து வச்சதுதான். சார் அந்த வீலை அப்படித்தான் நினைச்சிருக்கார். இன்ஜினியர் தம்பி இருக்கறதுலயே நல்லதை எடுத்து வைக்கச் சொல்லியிருக்காருன்னு. அவரே இறக்கி, முன்பக்கம் இடது பக்கத்துல மாட்டியிருக்கார். சொந்தக்காரங்க ஏறுற பக்கம்.

எட்வின் ஒத்தையா கீழ இறங்கினார். அந்த வளைவுல இடது வீல் உட்கார்ந்துருச்சு. வண்டி சுவரை உடைச்சுக்கிட்டு அடுத்த வளைவு ரோட்டுல போய் விழுந்துச்சு. அவ்வளவுதாங்க.

ரோட்டுல பின்னாடி வந்த ஒரு வேன்காரர், வண்டி வேகமா போச்சுன்னு சொன்னாராம். போலீஸ் பேப்பர்ல அப்படியே எழுதியாச்சு. வேகமாகவும் கவனக்குறைவாகவும். எட்வின் முன்னாடி குடிக்கறவர். ஜோஸ்லின் பொறந்ததும் விட்டுட்டார். அன்னைக்கும் குடிக்கலைன்னு போஸ்ட்மார்ட்டத்துலயே சொல்லிட்டாங்க. ஆனா ஊர்ல யாரு கேட்கறா? சாரே, "வீலே ரெண்டா போயிருச்சுன்னா என்ன வேகத்துல போய் மோதியிருப்பான் பாருங்க"ன்னுதான் சொல்றார். பதினஞ்சு வருஷம் சரிவுல டிராக்டர் ஓட்டின ஆளைப் பத்தி.

எனக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. போனேன். போகாம இருப்பேன்னு நினைச்சீங்களா? வண்டியை ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கொட்டகையில போட்டிருந்தாங்க. சார்தான் கூட்டிட்டுப் போனார். வண்டி தேறுமா தேறாதான்னு என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் வண்டியைப் பார்க்கலை. குனிஞ்சு வீலைத்தான் பார்த்தேன்.

அண்ணா, உடைஞ்ச உலோகம் பேசும்ங்க. எங்களுக்கு அதுக்குன்னே ஒரு பாடம் உண்டு. இப்ப உடைஞ்சதுன்னா உடைஞ்ச முகம் சர்க்கரை மாதிரி மின்னும். முன்னாடியே விரிசல் விட்டிருந்த இடம்னா மங்கலா, அழுக்கா இருக்கும். இதுக்கு அந்தப் பாடம்கூட வேண்டியதில்லை. உடைஞ்ச முகத்துல பாதிக்கு என் பெயிண்ட் இருந்துச்சு. வெள்ளி, லேசா மஞ்சள். வெல்டிங்குக்கு அடியில விரிசல் மிச்சம் இருந்திருக்கு. பெயிண்ட் பவுடர் அதுக்குள்ள இறங்கி, சூளையில வெந்து, ஒட்டியிருக்கு. மோதினதுல உடைஞ்சிருந்தா உள்ள எப்படிங்க பெயிண்ட் வரும்? வீல் உடைஞ்சதுனாலதான் வண்டி மோதுச்சு. குழந்தைகூடச் சொல்லிரும். ஆனா அதைக் குனிஞ்சு பார்க்கணும், பார்த்தாலும் அது என்னன்னு தெரியணும். அந்தக் கொட்டகையில அது தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்.

உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு தனியா கிடந்துச்சு, அந்த முகத்தோட. "சார், இதை டெஸ்டுக்கு எடுத்துக்கட்டா?"ன்னேன். "எடுத்துக்கங்க தம்பி, அதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்"னார். பத்திரமா வச்சிருக்கேங்க. நான் எடுக்கலைன்னா பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிருப்பான். பையிலதான் இருக்கு, துணியில சுத்தி. தொட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பேன்.

வீட்டுக்குப் போனோம். பிரிஸ்கா அக்கா உள்ளே இருந்து வந்தாங்க. வாசல்ல நான் செருப்பு மாட்டறப்ப பின்னாடியே வந்தாங்க, சாருக்குக் கேட்காம. "தம்பி, நீங்க படிச்சவங்க. அந்த வீலைப் பார்த்தீங்கன்னு அண்ணன் சொன்னாங்க. பார்த்தா தெரியுமா தம்பி? இவுக வேகமா போனாகளா, இல்லையான்னு அதுல தெரியுமா?"

நான் செருப்பு வாரைப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

"அதெல்லாம் தெரியாதுங்க அக்கா"ன்னேன்.

இது பொய். இது ஒண்ணுதான் நான் சொன்ன பொய். மத்தது எல்லாம் நீங்களே கேட்டீங்கள்ல, ஒண்ணுகூடப் பொய் இல்லை.

"சரி தம்பி. பார்த்துப் போங்க"ன்னாங்க.

அதுல இருந்து எனக்குக் கண்ணு சரியில்லைங்க. டாக்டர்கிட்டப் போனேன், கண்ணு நல்லா இருக்குன்னுட்டார். ஃபவுண்டரில வெள்ளைப் பவுடர் அடிச்சு வச்சிருக்கற பீஸ்ல, ஒண்ணும் இல்லாத இடத்துல சிவப்பா ஒரு கோடு வருது. எழுந்து கிட்டப் போனா இல்லை. உட்கார்ந்தா வருது. நல்ல பீஸையெல்லாம் தள்ளிட்டேன். எங்க சூப்பர்வைசர், "ஏன்யா, போன மாசம் நாற்பது பீஸ் தள்ளியிருக்க, அறுத்துப் பார்த்தா ஒண்ணுலகூட விரிசல் இல்ல. உனக்கு என்ன ஆச்சு?"ன்னார். அம்மா தோசை ஊத்தறாங்க, கல்லுல மாவு வெள்ளையா பரவுது, நான் அதையே பார்த்துக்கிட்டு நிக்கறேன். வரும்னு நிக்கறேன். அம்மா, "பசிக்குதாடா, இரு இரு"ங்கறாங்க.

காதும் அப்படித்தான். நல்ல வீலைத் தட்டினா மணி மாதிரி ஓசை நீளும். வெல்டிங் பண்ணதைத் தட்டினா தக்குன்னு நின்னுடும். இப்ப எதைத் தட்டினாலும் தக்குன்னுதான் கேட்குது. இந்த பஸ் கம்பியைத் தட்டுங்க. உங்களுக்கு எப்படிக் கேட்குது? நல்லாதான் கேட்குதா.

அந்த வீட்டுல யாரும் அக்காவைக் கொடுமை பண்ணலைங்க. அப்படி நினைச்சிராதீங்க. சார் நல்ல மனுசன். ஆனா வர்றவங்ககிட்டயெல்லாம், "என் தம்பி என் ஆசையையும் அழிச்சு, அவனையும் அழிச்சுக்கிட்டான்"னு சொல்றார். அக்கா அடுக்களையில நின்னு அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். ஜோஸ்லின்கிட்ட ஸ்கூல்ல பசங்க, உங்கப்பா ரேஸ் ஓட்டினார்னு சொல்லியிருக்காங்க. அந்தப் புள்ள ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போகலைன்னு சார் போன்ல சொன்னார்.

அப்புறம் போன மாசம் சார் கூப்பிட்டார். "தம்பி, வண்டியை நிமித்திட்டேன். கண்ணு முன்னாடி வச்சிருக்க முடியலை, வித்துடறேன். நாலு வீல் அப்படியே இருக்கு. ஒண்ணு மட்டும் அதே டிசைன்ல, அதே கலர்ல பார்த்துக் கொடுங்க. உங்களைத் தவிர யாரை நம்பறது"ன்னார்.

இதைத் தேடிப் பிடிச்சேன். ஈரோட்டுல. அதைப் பத்திச் சொல்லலாம், ஆனா பாருங்க, டீ எஸ்டேட் வந்துருச்சு. இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. இந்தத் தடவை சொல்லிரணும்னுதான் நானே எடுத்துட்டு வர்றேன். பார்சல்ல போட்டிருக்கலாமே. சாருக்கு ஒரு லெட்டரே எழுதி வச்சிருக்கேன், நாலு பக்கம், படம் போட்டு. விரிசல் எங்க ஆரம்பிச்சுது, எப்படிப் பரவுச்சு, சூடு பட்டா அலுமினியத்துக்கு எப்படி வலு குறையும், எல்லாம். அதைப் படிக்கறப்ப அவருக்கே புரிஞ்சிரும். நான் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

மன்னிச்சுக்கங்க, போன் அடிக்குது. சார்தான்.

சொல்லுங்க சார். வந்துட்டேன் சார், எஸ்டேட் ஆபீஸ் தாண்டிட்டேன். ஆமாங்க சார், அதே கலர். அய்யோ, இடுப்புங்களா? இல்லை சார், நீங்க வராதீங்க, நானே வீட்டுக்கு... அனுப்பிட்டீங்களா? எப்ப சார்? இல்லைங்க சார். ஒண்ணும் இல்லை. சரிங்க சார்.

இடுப்புப் பிடிச்சுக்கிச்சாம். பிரிஸ்கா அக்காவை அனுப்பியிருக்கார், வீலை வாங்கிட்டு வர. அரை மணி நேரமா ஸ்டாப்புல நிக்கறாங்களாம்.

அண்ணா, லெட்டர் அவங்களுக்கு எழுதினது இல்லைங்க. சாருக்கு எழுதினது. அவங்க பத்தாவதுகூடப் படிச்சாங்களோ இல்லையோ. அவங்களுக்கு எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்கு நாலு பக்கம் வேண்டாம். உள்ளே பெயிண்ட் இருந்துச்சு அக்கா, அவர் வேகமா போகலைன்னு சொன்னா முடிஞ்சுது. நான் எழுதினதுல அந்த வரி மட்டும் இல்லை. இப்பத்தான் ஞாபகம் வருது. நாலு பக்கத்துல எங்கேயும் எட்வின் பேரே இல்லை.

ஒரு உதவி கேட்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. பிரிவுல பஸ் டீக்கு அஞ்சு நிமிஷம் நிக்கும். நீங்க என்கூட இறங்கணும். இந்தாங்க, துணியில சுத்தினது, அந்தத் துண்டு. கையில பிடிங்க. அவங்க என்னைப் பார்த்ததும் நல்லா இருக்கீங்களான்னு கேட்பாங்க, நான் நல்லா இருக்கேங்க அக்கான்னு சொல்லிட்டு, வீலைக் கொடுத்துட்டு, டீயைக் குடிச்சிட்டு, எதிர் பஸ்ஸுல ஏறிருவேன். என்னை எனக்குத் தெரியும். அப்படி நான் திரும்பினா நீங்க இதைப் பிரிச்சு அவங்ககிட்டக் காட்டிருங்க. நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? பிடிங்க அண்ணா. ஏன் கையை இழுத்துக்கறீங்க?

சரி. உங்களுக்கு எதுக்கு இது. நியாயம்தான்.

அதோ, மாட்டுக்கொட்டாய் பக்கத்துல, பச்சை ஸ்வெட்டர். அவங்கதான். மெலிஞ்சுட்டாங்க. பஸ் அவங்ககிட்டயே வந்து நிக்குது பாருங்க. கண்டக்டர்கிட்ட ஏதோ கேட்கறாங்க. இந்த ஜன்னலுக்கு வர்றாங்க.

"வாங்க தம்பி. அலைச்சல் ரொம்பங்களா? வீலை ஜன்னல் வழியாவே கொடுங்க, நான் வாங்கிக்கிறேன். நீங்க எதுக்கு இவ்வளவு கூட்டத்துல தூக்கிட்டு இறங்கணும்."

கேட்டீங்களா. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கறாங்க.

அக்கா, வீல் இருக்கட்டும். அதை நான் தூக்கிட்டு வர்றேன். முதல்ல இதைப் பிடிங்க. பார்க்கத்தான் சின்னது அக்கா, கனமா இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிங்க. பிரிச்சுப் பார்த்துக்கிட்டு அங்கேயே நில்லுங்க, நான் இறங்கி வந்து சொல்றேன்.